ஆத்மா கொள்முதல் நிலையம்

"இனி நம்ம கையில ஒண்ணும் இல்லைங்க" என்று டாக்டர் சொன்னார். லிப்ட்காரர் அவருடைய கையைப் பார்த்தார். ஒரு பேனாவும் ஒரு செல்போனும் இருந்தன. மற்றபடி டாக்டர் சொன்னது உண்மைதான்.

லிப்ட்காரர் என்றதும் உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பட்டனை அமுக்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் பழுது பார்க்கிறவர். மோட்டார் அறையின் சூட்டிலும் குழியின் கிரீஸிலும் பாதி ஆயுளைக் கழித்தவர். எந்தக் கட்டடத்து லிப்ட் எந்த மாடியில் முரண்டு பிடிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் அவர் முதலில் ஸ்பானரை எடுக்கமாட்டார். கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசுவார். "பயப்படாதீங்க. நான் வெளியிலதான் இருக்கேன்." உள்ளே இருப்பவர் அழுதாலும் திட்டினாலும் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். அப்புறம்தான் வேலை.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் காலர் வைக்கிறவள். இந்த வழக்கத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இருதயம் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு அவளை ஸ்கேன் மெஷினுக்குள் தள்ளினார்கள். கதவைச் சாத்தியதும் இவர் வெளியே நின்று வழக்கம்போல ஆரம்பித்துவிட்டார். நர்ஸ் முறைத்தாள். வெளியே வந்த மனைவி, "நான் என்ன ரெண்டாம் மாடிக்கும் மூணாம் மாடிக்கும் நடுவுலயா மாட்டிக்கிட்டேன்?" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா கேட்டுச்சுங்க. அதனாலதான் கத்தாம படுத்திருந்தேன்" என்றாள்.

அவள் உயிர்தான் இப்போது யார் கையிலும் இல்லை.

"உங்க கையில இல்லைன்னா, வேற யார் கையில சார் இருக்கு?" என்று லிப்ட்காரர் கேட்டார். டாக்டர் ஆகாயத்தைக் காட்டினார். அங்கே உண்மையில் ஒரு மின்விசிறிதான் இருந்தது. மேலே இருக்கிறவரிடம் லிப்ட்காரர் ஏற்கெனவே கேட்டுப் பார்த்தாயிற்று. அழுதும் கேட்டார், சண்டை போட்டும் கேட்டார். பதில் இல்லை. மேலே போகாவிட்டால் கீழே போவது என்பது அவர் தொழிலில் சாதாரண விஷயம்.

அவர் பராமரிக்கும் கட்டடம் ஒன்றில், அடித்தளத்துக்கும் கீழே எண் போடாத பட்டன் ஒன்று உண்டு. அங்கே ஆத்மா வாங்குகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். இன்னும் தேவைப்படாத ஒரு ஆபீசைப் பற்றி நமக்கெல்லாம் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தெரியும்.

மனைவியின் தங்கை கட்டிலருகே இருந்தாள். "ஒரு வேலையா போயிட்டு வந்துடுறேம்மா. அக்காவைப் பாத்துக்க" என்றார்.

"சீக்கிரம் வந்துடுங்க மாமா. கண்ணைத் திறந்தா உங்களைத்தான் தேடுவா."

*

நெருப்பும் கொம்பும் இருக்கும் என்று எண்ணிப் போன லிப்ட்காரருக்குக் குளிர் தாங்கவில்லை. ஏ.சி. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் குறைக்கும் ரிமோட் வேறொரு பிரிவின் பொறுப்பில் இருப்பதாகவும், அந்தப் பிரிவு கலைக்கப்பட்டுவிட்டதாகவும் காவலாளி சொன்னார். ஊழியர்கள் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். சுவரில், 'இங்கு நடைபெறும் மோசடிகளைப் பற்றி இங்கேயே புகார் செய்யலாம்' என்று பலகை தொங்கியது. நல்ல குரல்வளம் வேண்டி வந்த ஒருவர் காத்திருந்து காத்திருந்து தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருந்தார்.

மதிப்பீட்டு அதிகாரி ஒரு அம்மாள். மேஜைமேல் பிஸ்கட் டப்பா. அவர் லிப்ட்காரரைப் பக்கத்தில் வரச்சொல்லி, தெர்மாமீட்டர் மாதிரி ஒன்றை நெஞ்சில் வைத்துப் பார்த்து, 'ப்ச்' என்றார்.

"ஈரம் ரொம்ப இருக்கே."

"என்னதுங்கம்மா?"

"உங்க ஆத்மாவுல. நல்லா காஞ்சதைத்தான் எடுப்போம். ஈரத்தோட எடுத்தா குடோன்ல கிடந்து முளைச்சுடுது. சரி, பாப்போம். உங்களுக்கு என்ன வேணும்?"

"என் சம்சாரம் பிழைக்கணும்."

"அது அவங்களுக்கு. உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டேன்."

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்மா. அவ பிழைச்சா போதும். என்னை என்ன வேணாலும் பண்ணிக்குங்க."

அந்த அம்மாள் சபையில் சொல்லக்கூடாத வார்த்தையைக் கேட்டவர்போல அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சத்தமா சொல்லாதீங்க. இதுக்குப் பேரு தியாகம். பொண்டாட்டிக்காக ஆத்மாவைக் குடுத்தா அது கெடாது, இன்னும் நல்லதாயிடும். நல்லதா ஆனதை நாங்க வெச்சுக்க முடியாது, மேல இருந்து ஆள் வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க. இப்படித்தான் எனக்கு முன்னாடி இருந்தவரு ஒண்ணை அவசரத்துல வாங்கிட்டாரு. ஒரு அம்மா, புள்ளைக்காகக் குடுத்தது. பாவம், அவருக்கு இன்னும் பென்ஷன் வரலை."

"அப்ப நான் என்னதாம்மா பண்றது? அவளுக்கு மூச்சு வாங்குதும்மா."

"அழக்கூடாது, அழக்கூடாது. அழுதா இன்னும் ஏறும்." அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். லிப்ட்காரரிடம் டப்பாவை நீட்டவில்லை. "நீங்க கேக்குறதுல தப்பு இல்ல, கேக்குற விதம்தான் தப்பு. அதையே சுயநலமா கேளுங்க. உடனே முடிச்சுடலாம். பயிற்சி வகுப்பு இருக்கு, போய் உக்காருங்க."

உடனே முடிச்சுடலாம் என்ற சொல்லை லிப்ட்காரர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அத்தனை நாளில் அவரிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. டாக்டர் சொல்லவில்லை, கடவுள் சொல்லவில்லை. ஒரு ஆபீஸ் சொல்லிவிட்டது.

*

பயிற்றுநர் டை கட்டிய, சிரித்த முகமுள்ள மனிதர். வகுப்பைத் தொடங்கும் முன் ஒரு சின்ன உரை ஆற்றினார்.

"எங்களைப் பத்தி வெளியில தப்பாப் பேசுறாங்க. மனுஷங்களை நாங்க கெடுக்குறோமாம். நான் மனசு விட்டுச் சொல்றேன், இதுவரைக்கும் ஒருத்தரைக்கூட நாங்க கெடுத்தது கிடையாது. கெடுக்குற அளவுக்கு எங்ககிட்ட ஆளும் கிடையாது. கெட்டுப்போறது முழுக்க முழுக்க மக்களோட சொந்த முயற்சி. நாங்க நாற்காலி போட்டுக் குடுக்குறோம், தண்ணி வைக்குறோம், அவ்வளவுதான். மத்தபடி இந்த வெற்றி உங்க வெற்றி."

எல்லாரும் கைதட்டினார்கள். வைத்திருந்த தண்ணீர் கேனில் குழாய் இல்லை.

லிப்ட்காரருக்கு ஒரு வாக்கியம் கொடுக்கப்பட்டது. 'அவ போயிட்டா எனக்கு யாரு சோறு போடுவா?' இதை மனதாரச் சொல்லிப் பழகவேண்டும்.

"சார், எங்க வீட்டுல சமைக்கிறது நான்தாங்க" என்றார் லிப்ட்காரர். அதுதான் நிஜம். அவள் விடியும் முன்பே தையல் கூடத்துக்குப் போய்விடுவாள். உலை வைப்பதும் டப்பா கட்டுவதும் இவர்தான். அவள் வைத்தால் சோறு குழைந்துவிடும் என்று அவளே ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

"அது உண்மையா இல்லையாங்கிறது நம்ம பிரச்சினை இல்ல" என்றார் பயிற்றுநர் கனிவாக. "நீங்க நம்பணும். சொல்லுங்க."

சொன்னார். குரல் உடைந்துவிட்டது.

"இதுல அவங்க இருக்காங்க. நீங்க மட்டும்தான் இருக்கணும். உங்க வயிறு, உங்க தட்டு, உங்க பசி. மறுபடி."

மறுபடி சொன்னார். மறுபடியும் அவள்தான் வந்து நின்றாள், ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு. பயிற்றுநர் தலையை ஆட்டினார். நாள் முழுக்கச் சொல்லி, மாலையில் மதிப்பீட்டு அம்மாளிடம் காட்டியபோது ஈரம் குறைந்துதான் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் வந்தால் பழையபடி ஏறிவிட்டிருந்தது.

"போகாதீங்க" என்றார் பயிற்றுநர்.

"எங்கங்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். இங்க காயவெச்சு அனுப்புறோம், அங்க போய் நனைஞ்சுட்டு வர்றீங்க. எங்களுக்கும் வேலை, உங்களுக்கும் தாமதம்."

"அவ தேடுவாளே சார்."

"தேடட்டுமே. உயிரோட இருந்தாத்தான் தேட முடியும். அந்த உயிருக்குத்தானே இங்க வழி பண்ணிக்கிட்டிருக்கோம்? உங்களுக்கு அவங்களைப் பாக்குறது முக்கியமா, அவங்க பிழைக்கிறது முக்கியமா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்கும் தெரியவில்லை. இந்த மாதிரி இடங்களில் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் ஒன்றுதான் இருக்கும். அதை அவர்களே கேள்விக்குள் வைத்துத் தந்துவிடுவார்கள். லிப்ட்காரர் வீட்டுக்குப் போய்த் தனியாக உலை வைத்து, தனியாகச் சாப்பிட்டு, தட்டைப் பார்த்து வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மச்சினி போன் செய்தாள். "எங்க மாமா இருக்கீங்க? அக்கா கண்ணைத் திறந்ததும் வாசலைத்தான் பாக்குறா. மாஸ்க்கைக் கழட்டிட்டுக் கேக்குறா."

"ஒரு முக்கியமான வேலையில இருக்கேம்மா. அவளுக்காகத்தான்."

"என்ன வேலை மாமா? இதைவிட என்ன வேலை?"

"இப்ப சொல்ல முடியாதும்மா. முடிஞ்சதும் வந்துடுறேன். வெளியிலதான் இருக்கேன்னு சொல்லு."

போனை வைத்ததும் அவருக்கு நெஞ்சை அடைத்தது. உடனே பயந்துபோய், பசியைப் பற்றி நினைக்க ஆரம்பித்தார். அன்றைக்குக் காயவைத்ததெல்லாம் வீணாகிவிடுமே.

*

வாய்மொழித் தேர்வில் ஒருவழியாகத் தேறினார். செய்முறைத் தேர்வு பாக்கி.

அதற்காகப் பிரத்தியேக ஏற்பாடு ஏதும் அவர்கள் செய்யவில்லை. மேல்மாடிக்குப் போகிற லிப்ட் தானாகவே நடுவில் நின்றது. உள்ளே ஒரு பெண் மாட்டிக்கொண்டாள். கதவைத் தட்டி, "யாராவது வெளியில இருக்கீங்களா?" என்று கத்தினாள். லிப்ட்காரர் கருவிப் பையோடு படியேறி ஓடினார். மதிப்பீட்டு அம்மாள் படிக்கட்டில் வழிமறித்து நின்றார்.

"நல்லவேளை, இதுவே அமைஞ்சுடுச்சு. நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க."

"உள்ள ஆள் இருக்கும்மா. காத்து கம்மி. ஒரு நிமிஷம் பேசிட்டாவது வந்துடுறேன்."

"பேசுறதுதாங்க உங்க வியாதியே. கடை எதிர்லதான் இருக்கு."

அவர் கதவைப் பார்த்தார். அம்மாளைப் பார்த்தார். மனைவி படுத்திருக்கும் கட்டிலை நினைத்துக்கொண்டார். பிறகு இறங்கிப் போனார். எதிர்க் கடையில் டீயைக் கையில் வாங்கியபிறகும் அந்தச் சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்தது. உண்மையில் அத்தனை தூரம் கேட்காது. பாதி டீ சட்டையில் கொட்டியது. அவர் திரும்பி வருவதற்குள் கட்டடத்துக் காவலாளி கம்பியை விட்டு நெம்பிக் கதவைத் திறந்திருந்தார். வெளியே வந்த பெண்ணின் விரல் நகங்களில் ரத்தம் இருந்தது.

"முக்கால்வாசி பரவாயில்ல" என்றார் மதிப்பீட்டு அம்மாள், தெர்மாமீட்டரை உதறியபடி. "ஆனா டீயை முழுசாக் குடிக்கலையே நீங்க."

*

இந்த மாதிரி நிலையங்களில் வந்து காத்திருக்கிறவர் கையில் ஏதாவது தொழில் இருந்தால் சும்மா விடமாட்டார்கள். "உக்காந்துதானே இருக்கீங்க, பெரியவரோட லிப்ட் ஓடலை, கொஞ்சம் பாத்துடுங்க" என்று செயலாளர் வந்து கூப்பிட்டார். பெரியவர் என்றால் சாத்தான். வேறு யாரும் அங்கே பெரியவர் இல்லை.

நடையின் கடைசியில் ஒரு பழைய லிப்ட். இரும்புக் கம்பிக் கதவு. உள்ளே பெஞ்சில் ஒரு கிழவர் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். கொம்பு இருந்ததா என்றால் இருந்தது. ஒன்றின் நுனியில் யாரோ தொப்பியை மாட்டி வைத்திருந்தார்கள். லிப்ட்காரர் கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கருவிப் பையைக் கீழே வைத்தார்.

"கீழ போகுது. மேல போகமாட்டேங்குது" என்றார் சாத்தான்.

லிப்ட்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார். "இதுல பழுதே இல்லீங்க. மேல போற ஒயரை யாரோ கழட்டி விட்டிருக்காங்க."

"தெரியும்" என்றார் சாத்தான். "இவனுங்கதான்."

"எதுக்குங்க?"

"நான் வெளியில போனா பேரம் பேசி வாங்கிட்டு வந்துடுவேன்ல. வாங்குனா விலை குடுக்கணும். முன்னெல்லாம் நானேதான் போவேன் தம்பி. முச்சந்தியில நிப்பேன். கேட்டதைக் குடுப்பேன். குரல் கேட்டா குரல், அழகு கேட்டா அழகு. என்னைப் பத்தி என்னென்னமோ சொல்லுவாங்க, ஆனா வாக்குத் தவறினான்னு ஒருத்தன் சொன்னது கிடையாது. வேலை அதிகமாயிடுச்சுன்னு இவனுங்களைச் சேர்த்தேன். வந்தவனுங்க, எதையும் குடுக்காமயே வாங்கலாம்னு கண்டுபிடிச்சுட்டானுங்க. நாங்க வெலை குடுத்து ஒரு ஆத்மா வாங்கி ரொம்ப காலமாச்சு."

செயலாளர் பின்னால் நின்று பணிவாக இருமினார்.

கிழவரின் கண்ணில் திடீரென்று ஒரு வெளிச்சம் வந்தது. "நீ எதுக்கு வந்திருக்க? சொல்லு. பேசிப் பாப்போம். எனக்குப் பேரம் பேசி எத்தனை நாளாச்சு!"

"என் சம்சாரம் பிழைக்கணும்."

"எத்தனை காலத்துக்கு?"

"நான் இருக்குற வரைக்கும், அதுக்கு அப்புறமும்."

"அது ரொம்ப அதிகம். உனக்கு ஒரு நாள் முந்தி வரைக்கும்."

"அய்யோ, அது வேண்டாங்க. அவ போறதை நான் பாக்க மாட்டேன்."

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே நாள். இதுக்கு மேல நயா பைசா ஏறமாட்டேன்."

"சரிங்க" என்றார் லிப்ட்காரர். சாத்தான் அவர் உள்ளங்கையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். கை சூடாக இருந்தது. அந்த இடத்தில் சூடாக இருந்தது அது ஒன்றுதான். பேரம் அவ்வளவு சீக்கிரம் படிந்துவிட்டது.

"ஐயா," என்றார் செயலாளர், "இவரு இன்னும் செய்முறைத் தேர்வு முடிக்கலை. முடிக்காதவங்களோட நீங்க பேசுறது செல்லாதுங்க. நீங்களே ஒப்புக்கிட்டதுதான்."

சாத்தானின் கை போர்வைக்குள் போய்விட்டது. "இங்க உக்காந்திருக்கிற வரைக்கும் என் கையில ஒண்ணும் இல்லப்பா" என்றார். லிப்ட்காரர் இந்த வாக்கியத்தை ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தார்.

பிறகு சாத்தான் கம்பிக் கதவோரம் குனிந்தார். "அந்த ஒயரை மாட்டி விடு. நான் மேல போயி முடிச்சுட்டு வந்துடுறேன். தட்டுன கை தட்டுன கைதான். அது முடியாதுன்னா, இந்த ஆளுங்களை விட்டுட்டுப் போயி அவ பக்கத்துலயாவது உக்காரு. நான் சொல்றதைக் கேளு."

ஒயரின் இரண்டு நுனியும் லிப்ட்காரர் விரலில் இருந்தன. முறுக்கிவிட்டால் தீர்ந்தது.

"ஐயா பேச்சை நம்பிடப் போறீங்க" என்று செயலாளர் சிரித்தார். "ஏமாத்துறதுதானே அவரு தொழிலே? நாங்க அப்படி இல்லீங்க. இங்க முறைன்னு ஒண்ணு இருக்கு. ஒரு படிதான் பாக்கி. இப்பப் போயி யாருக்காவது இரக்கப்பட்டு எல்லாத்தையும் கெடுத்துக்காதீங்க."

லிப்ட்காரர் யோசித்தார். ஒரு பக்கம் சாத்தான். சாத்தான் பேச்சைக் கேட்காதே என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் ஒரு ஆபீஸ்; பலகை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, ஸ்வெட்டர் போட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். யாரை நம்புவது என்று உங்களையும் என்னையும் கேட்டிருந்தால் நாமும் அவரைப்போலத்தான் செய்திருப்போம். தினமும் அதைத்தானே செய்கிறோம்.

ஒயரை விட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். பின்னாலிருந்து, "தம்பி, வெளியில இருக்கியா?" என்று கிழவரின் குரல் கேட்டது. அவர் திரும்பவில்லை. இந்தமுறை நெஞ்சு அடைக்கவும் இல்லை. அட, சுலபமாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது.

எதிரே வந்த மதிப்பீட்டு அம்மாள் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆஹா" என்றார். "இன்னும் ஒரே ஒரு சொட்டு. நான் வந்து பாத்துக்குறேன்."

போன் அடித்தது. மச்சினிதான். அழுதுகொண்டே இருந்தாள்.

*

ஆஸ்பத்திரியில் மனைவியின் முகத்திலிருந்து மாஸ்க்கை எடுத்துவிட்டிருந்தார்கள். மூக்கில் அதன் தழும்பு சிவப்பாக இருந்தது. தையல் கூடத்துப் பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். சுவரோரம் பெஞ்சில் மதிப்பீட்டு அம்மாள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தவர்கள் யாரோ தூரத்து உறவு என்று நினைத்திருப்பார்கள்.

மச்சினி லிப்ட்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில முழிச்சா மாமா. மூச்சே விட முடியலை. ரொம்பப் பயந்துட்டா. 'அவரு வெளியில இருக்காரா'ன்னு கேட்டா. நான் என்ன சொல்லுவேன்? 'வெளியிலதான்க்கா இருக்காரு'ன்னு சொல்லிட்டேன். 'சத்தம் கேக்கலையே'ன்னா. நர்ஸ் விரட்டுறாங்கக்கா, அதான் மெதுவாப் பேசுறாருன்னேன். தலையை ஆட்டிட்டு அந்தப் பக்கமே பாத்துட்டு இருந்தா. அப்புறம் கத்தலை. அப்படியே போயிட்டா."

எல்லாரும் லிப்ட்காரரைப் பார்த்தார்கள். அவர் தனக்குள் தேடினார். இந்த இடத்தில் எடுக்கவேண்டிய ஏதோ ஒன்று உள்ளே எங்கேயோ இருக்கவேண்டும். கருவிப் பையில் துழாவுகிற மாதிரி துழாவினார். கைக்கு ஒன்றுதான் அகப்பட்டது. அதை எடுத்துப் போட்டார்.

"இவ போயிட்டா. இனிமே எனக்கு யாரு சோறு போடுவா?"

தையல் கூடத்துப் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். பாவம், மனுஷன் உடைந்துபோய்விட்டான் என்றாள் ஒருத்தி. எந்த வீட்டிலும் இழவில் சொல்கிற வார்த்தைதானே.

மச்சினி மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா," என்றாள், "சமைக்கிறது நீங்கதானே?"

லிப்ட்காரர் இதைப் பற்றி யோசித்துப் பார்த்தார். அவள்தான் எதையோ தப்பாக நினைக்கிறாள் என்று தோன்றியது. அவருக்கு நன்றாகப் பசித்தது.

மதிப்பீட்டு அம்மாள் எழுந்து வந்து, ஆறுதல் சொல்கிறவர்போல அவர் நெஞ்சில் தெர்மாமீட்டரை வைத்து எடுத்தார். "சுத்தமாக் காஞ்சுடுச்சு" என்றார். "வாழ்த்துகள். தேறிட்டீங்க."

"அப்ப இனிமே பேரம் பேசலாமா?" என்று லிப்ட்காரர் கேட்டார். கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் கேட்டார்.

"எதுக்குங்க?" அந்த அம்மாள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நீங்கதான் குடுத்துட்டீங்களே. அதோட, உங்களுக்குன்னு கேக்குறதுக்கு இனிமே என்ன இருக்கு?"

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாக லிப்ட்காரருக்குப் பட்டது. உடம்பைக் கொடுக்க நேரமாகும் என்றார்கள். சரி, அதுவரை இங்கே நின்று என்ன செய்வது என்று வார்டை விட்டு வெளியே வந்தார்.

ஆஸ்பத்திரி லிப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம். "யாராவது வெளியில இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது, சின்னப் பெண்ணாக இருக்கவேண்டும். கருவிப் பை அவர் தோளில்தான் இருந்தது. அவர் படிக்கட்டு வழியாக இறங்கி எதிர்க் கடைக்குப் போய், ஒரு டீ வாங்கி, கடைசிச் சொட்டுவரை நிதானமாகக் குடித்தார். சர்க்கரை கொஞ்சம் கம்மி என்று கடைக்காரரிடம் குறைபட்டுக்கொண்டார்.